31 மணி நேரம் லாகின் ஆகாம உக்காந்திருந்தவன் எழுதுற மெம்பர்ஷிப் ரிவியூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சர்வர் ஒழுங்கா ஓடுற நாள்ல இந்த ஆன்லைன் கேமிங் மெம்பர்ஷிப்புக்கு 5க்கு 4½ யோசிக்காம தருவேன். சர்வர் படுத்த நாள்ல அவங்க நடந்துக்கிட்டதுக்கு 1, அந்த ஒண்ணும் கடைசியா ஒரு மெயிலாவது போட்டாங்களேன்னு. எந்த நெட்வொர்க்குன்னு பேரு போடல, போட்டா உடனே கீழ ரெண்டு கன்சோல் ஃபேன்ஸும் வந்து அடிச்சுக்குவாங்க, நான் சொல்ல வந்தது காணாம போயிடும். நீங்க எதுல வருஷ சந்தா கட்டியிருந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும்.

மெம்பர்ஷிப் நல்லா இருக்கா, மாசாமாசம் என்ன கேம் தராங்க, க்ளவுட் சேவ் எவ்ளோ, இதெல்லாம் ஆயிரம் பேரு எழுதிட்டாங்க. யாரும் எழுதாதது, சர்வர் மேல அட்டாக் நடக்குறப்போ நம்ம கைல என்ன மிஞ்சும்னு. அதை நான் ஒரு சனிக்கிழமை ராத்திரி நேர்ல பாத்தேன்.

ராங்க்டு மேட்ச், ஸ்குவாட்ல நாலு பேரு, கடைசி சர்க்கிள். முதல்ல வாய்ஸ் சாட் போச்சு, போச்சுன்னா ஒரேடியா போகல, மச்சான் பேசுறது தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொழகொழன்னு ஆகி, அப்புறம் ஒரே எழுத்து "ரை ரை ரை"ன்னு இழுத்துச்சு, அவன் "ரைட்ல வரான்டா"ன்னு சொல்ல வந்திருக்கான் பாவம். எதிர்ல ஒருத்தன் ஓடிக்கிட்டே இருக்கான், ஆனா நின்ன இடத்துலயே ஓடுறான். நான் மூணு அடி முன்னாடி போறேன், ரெண்டு அடி பின்னாடி இழுத்து விடுது. பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற மில்லி செகண்ட், 40ல இருந்தது 900, அப்புறம் நம்பரே இல்ல, வெறும் கோடு. அப்புறம் எரர் மெசேஜ் வந்து கருப்பு ஸ்க்ரீன்.

இந்த மாதிரி ஆனா நாம எல்லாரும் முதல்ல செய்யுறது ஒண்ணுதான், நம்ம வீட்டு ரூட்டர் மேல சந்தேகப்படுறது. ஆஃப் பண்ணி முப்பது செகண்ட் எண்ணி ஆன் பண்ணேன். கேபிளை புடுங்கி சொருகுனேன். ஃபோன் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாத்தேன், அதே எரர். சைட் பேரை வச்சு அதோட நம்பர் முகவரியைத் தேடித் தர்ற டிஎன்எஸ் இருக்கே, அதையும் மாத்துனேன். முக்கா மணி நேரம் இதுலயே போச்சு, ஏன்னா அவங்க ஸ்டேட்டஸ் பேஜ்ல எல்லாமே பச்சை. லாகின் பச்சை, ஸ்டோர் பச்சை, ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் பச்சை, கிளி மாதிரி பச்சை. அதே நேரத்துல எங்க க்ரூப்ல ஒவ்வொருத்தனா "உனக்கும் போச்சா", "எனக்கும்டா"ன்னு வரானுங்க. ஜனங்க புகாரை வச்சு கிராஃப் போடுற சைட்டைப் பாத்தா செங்குத்தா மலை மாதிரி ஏறி நிக்குது. பேஜ் மஞ்சளா மாறுனது ரெண்டேகால் மணி நேரம் கழிச்சு, அதுலயும் "சில பயனர்களுக்கு சிறு தாமதம் இருக்கலாம்"னு போட்டிருந்தான். சிறு தாமதமாம். நான் 1 ஸ்டார் முடிவு பண்ணது அந்த வரியைப் படிச்சப்போதான்.

அட்டாக் நடந்ததுக்கு நான் அவங்களைத் திட்டல, இதைத் தெளிவா சொல்லிடுறேன். டிடாஸ்னு சொல்றாங்களே, அது பூட்டை உடைச்சு உள்ள வர்ற திருட்டு இல்ல. உங்க ஃபோனுக்கு ஒரே நேரத்துல லட்சம் பேரு மிஸ்டு கால் குடுக்குறானுங்கன்னு வச்சுக்கோங்க, உங்க ஃபோன்ல எந்தக் கோளாறும் இல்ல, எவனும் எதையும் திருடல, ஆனா உங்க அம்மா கூப்பிட்டா லைன் கெடைக்காது. அவ்ளோதான் விஷயம். இதுல இன்னொரு கில்லாடித்தனம் இருக்கு, நானே கால் பண்ணாம, ஊர்ல இருக்குற கடைக்கெல்லாம் ஃபோன் போட்டு "உங்ககிட்ட இருக்குற சரக்கு லிஸ்ட் முழுசா வேணும், இந்த நம்பருக்குக் கூப்ட்டு படிச்சுக் காட்டுங்க"ன்னு உங்க நம்பரைக் குடுத்துட்டா? நான் கேட்டது ஒரு வரி, உங்களுக்கு வர்றது ஒவ்வொரு கடையில இருந்தும் அரை மணி நேரப் பேச்சு. டிஎன்எஸ், என்டிபி சர்வர்களை வச்சு அடிக்கிறது இப்படித்தான், சின்னதா அனுப்பி பெருசா திருப்பி விடுறது. என்டிபின்னா வெறும் நேரம் சொல்ற சர்வர், கடிகாரம். 2013 கடைசி, 2014 ஆரம்பத்துல கேம் சர்வர்களை வரிசையா சாய்ச்சதுல அந்தக் கடிகாரத்துக்கு பெரிய பங்கு.

சரி, பேங்க் வெப்சைட்டுக்கும்தான் இதே அடி விழுது, அது மூணு செகண்ட் லேட்டா தொறந்தா நாம பொறுத்துக்குறோம். கேம்ல மூணு செகண்ட்னா மூணு தடவை செத்திருப்போம். அதான் கேம் ட்ராஃபிக் பெரும்பாலும் யூடிபிங்குற முறையில போகுது, போய்ச் சேந்துச்சான்னு கேட்டுக்கிட்டு நிக்காம அனுப்பிட்டே இருக்கும், வேகம் கெடைக்கும், ஆனா வர்ற பாக்கெட், அதாவது தகவல் துண்டு, நெசமான ப்ளேயர் அனுப்புனதா, எவனோ பொய் முகவரி போட்டு அனுப்புனதான்னு பிரிக்கிறது கஷ்டம். அட்டாக் வந்தா மொத்த ட்ராஃபிக்கையும் வேற ஒரு சென்டருக்குத் திருப்பி வடிகட்டி அனுப்புவாங்க, நல்லதுதான், ஆனா அந்தச் சுத்து வழியில பிங் ஏறும், அப்புறம் வடிகட்டி சும்மா இருக்குற நம்மளையும் சேத்துத் தூக்கிப் போடும். "சர்வர் வந்துடுச்சுன்னாங்க, எனக்கு மட்டும் இன்னும் வரல"ன்னு எவனாவது பொலம்புனா காரணம் அதுவாவும் இருக்கலாம். இவ்ளோத்துக்கும் மேல எத்தனை ஆயிரம் கேம் சர்வர் உலகம் பூரா வச்சிருந்தாலும் லாகின் வாசல் மட்டும் ஒண்ணு ரெண்டுதான். அதை அடைச்சா போதும், உள்ள இருக்குற சர்வரெல்லாம் ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கும், ஆடத்தான் ஆள் இருக்காது.

ஆக தப்பு அட்டாக் வாங்குனதுல இல்ல. என் புகார் ரெண்டே ரெண்டு, அதுவும் ரெண்டும் அவங்க கையில இருக்குறது.

ஒண்ணு, மேட்ச்ல இருந்து அவங்க சர்வரே என்னை வெளிய தூக்கிப் போட்டுச்சு இல்லயா, சர்வர் வந்து மறுபடி லாகின் ஆனப்போ முதல்ல வந்த மெசேஜ் என்ன தெரியுமா, "நீங்க மேட்சைப் பாதியில விட்டுட்டுப் போனீங்க, ராங்க் பாயின்ட் கழிக்கப்பட்டது, 15 நிமிஷம் காத்திருங்க". அடேய். வீட்டுக்காரனே கதவைச் சாத்திட்டு ஏன்டா வெளிய போனேன்னு கேட்ட கதை. அது ஒருத்தனுக்கு நடந்தா தானியங்கி முடிவு, சரி. ஒரே நிமிஷத்துல லட்சக்கணக்குல ஆளுங்க ஒண்ணா "விட்டுட்டு" போனா அது ஓடிப்போறது இல்ல, சர்வர் விழுந்ததுன்னு கண்டுபிடிக்கிறது அவ்ளோ கஷ்டமா? பாயின்டைத் திருப்பித் தரச் சொல்லி சப்போர்ட் சாட்ல கேட்டேன், தானா பதில் சொல்ற பாட் என்கிட்ட ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுச்சு. மனுஷனைக் குடுன்னேன், க்யூவுல 4 மணி நேரம்னுச்சு. விட்டுட்டேன்.

ரெண்டாவதுதான் எனக்கு நெசமா கோவம். ஞாயித்துக்கிழமை காலையில அக்கா பையன் வந்தான், ஒம்பது வயசு. அவனுக்கு ஆன்லைன் எல்லாம் வேணாம், ட்ராக்டர் ஓட்டி வயல் உழுற ஒரு கேம், தனியா ஆடுறது, அதுவும் முழுசா டவுன்லோட் ஆகி டிஸ்க்ல கெடக்கு. கன்சோலைப் போட்டா அந்த கேம் ஐகான் மேல சின்னதா ஒரு பூட்டு. அமுக்குனா "லைசன்ஸ் சரிபார்க்க முடியவில்லை". அவன் ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு கேட்டான், "மாமா, நான் தனியாத்தானே உழப்போறேன், அதுக்கு எதுக்கு நெட்டு?" நான் என்னத்தைச் சொல்ல. உலகத்துல எங்கயோ எவனோ ஒரு சர்வரை அடிச்சான், அதனால இவன் வயல்ல கால் வைக்கக் கூடாதாம்.

காரணம் இருக்கு, அதை நான் அன்னைக்குத்தான் தேடிக் கத்துக்கிட்டேன். டிஜிட்டலா வாங்குன கேம் நம்ம அக்கவுன்ட்டோட கட்டுன உரிமை, எந்த கன்சோல் நம்ம மெயின் கன்சோல்னு செட்டிங்ஸ்ல குறிச்சு வச்சாத்தான் நெட் இல்லாம ஓடும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் சர்வர் கிட்ட கேட்டுட்டுத்தான் தொறக்கும். நான் பழைய கன்சோலைக் குடுத்துட்டு புதுசு வாங்குனப்போ இதை மாத்தல, மாத்தணும்னு எவனும் சொல்லவும் இல்ல. சரி அது என் தப்புன்னே வச்சுக்கலாம். ஆனா மாசாமாசம் மெம்பர்ஷிப்ல "ஃப்ரீயா" வர்ற கேம் இருக்கே, அது சந்தா உயிரோட இருக்கான்னு பாத்து ஓடுறது, சரிபாத்து நாளாச்சுன்னா அதுவும் பூட்டுதான். சர்வரே செத்துக் கெடக்குறப்போ அந்தச் சரிபார்ப்பை ஒரு வாரம் தள்ளி வைக்கிற மாதிரி எழுதுனா கம்பெனிக்கு என்ன குறைஞ்சுடும்? ஒரு கேள்வியாத்தான் கேக்குறேன், பதில் வரல.

இதெல்லாம் புதுசுன்னு நெனச்சுடாதீங்க. 2014 கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்குறவங்களுக்குத் தெரியும், புது கன்சோல் டப்பாவைப் பிரிச்ச அன்னைக்கே சோனியோட ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் லைவும் சேந்து படுத்துச்சு. லிசர்ட் ஸ்க்வாட்னு ஒரு கும்பல், நாங்கதான்னு மார் தட்டிக்கிட்டானுங்க. மெகாங்குற ஃபைல் சேமிப்பு சைட்டை ஆரம்பிச்ச கிம் டாட்காம் அதோட பிரீமியம் வவுச்சரெல்லாம் குடுத்து கெஞ்சி நிறுத்த வச்சார், கப்பம் கட்டுன மாதிரி. சோனி அப்புறமா மெம்பருங்களுக்கு 5 நாள் நீட்டிச்சு ஸ்டோர்ல ஒரு தடவை 10 சதவீதம் தள்ளுபடி தந்தாங்க. அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ் சீசன்ல வேற ஒரு கும்பல் கேம் சர்வர்களை அடிச்சது, அதுல இருந்த யூட்டாக்காரன் ஒருத்தனுக்கு 2019ல அமெரிக்க கோர்ட் 27 மாசம் ஜெயில் போட்டு 95,000 டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லுச்சு. அஞ்சரை வருஷம் கழிச்சு. நாம அடுத்த கன்சோலுக்கே போயிடுவோம் அதுக்குள்ள.

இதுல எனக்கு ரொம்ப வேடிக்கையாத் தெரியுறது 2016 கதைதான். மிராய்னு ஒரு பாட்நெட், அதாவது அடுத்தவன் கருவிகளைத் திருட்டுத்தனமா புடிச்சு அட்டாக்குக்கு ஏவுற ப்ரோக்ராம், எழுதுனது அமெரிக்காவுல காலேஜ் வயசுப் பசங்க மூணு பேரு, மைன்க்ராஃப்ட் கேமுக்கு சர்வர் நடத்துற தொழில்ல ஒருத்தன் சர்வரை ஒருத்தன் சாய்ச்சு கஸ்டமரை இழுக்குற போட்டிக்காக. வீட்டு வாசல்ல மாட்டுற கேமரா, டிவிஆர், ரூட்டர், பாஸ்வேர்ட் மாத்தாம அப்படியே வச்சிருக்குறதையெல்லாம் புடிச்சு படையாக்குனானுங்க. அப்புறம் அந்த ப்ரோக்ராமை எல்லாரும் எடுக்குற மாதிரி வெளிய விட்டுட்டானுங்க. 2016 அக்டோபர் 21ஆம் தேதி டைன்ங்குற டிஎன்எஸ் கம்பெனி மேல அடி விழுந்து ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ்னு பாதி இன்டர்நெட் தள்ளாடுச்சே, அதைச் செஞ்ச கூட்டத்துல ஒருத்தன் 2020ல கோர்ட்ல ஒத்துக்கிட்டான், அடிச்ச அன்னைக்கு அவன் மைனர் பையன், குறி வச்சது ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கை மட்டும்தானாம். கொசுவை அடிக்கப் போய் வீட்டு சுவரையே இடிச்ச மாதிரி. 2022 ஜனவரியில அண்டோராங்குற ஐரோப்பிய நாட்டுல இதைவிட வேடிக்கை, மைன்க்ராஃப்ட் போட்டி ஒண்ணுல ஆடி அதை நேரலையாக் காட்டிக்கிட்டு இருந்த ஸ்ட்ரீமருங்க சிலர் அங்க குடியிருக்குறவங்க, அங்க இன்டர்நெட் கம்பெனியே ஒண்ணுதான், அதை அடிச்சதுல சின்ன நாடா இருந்தாலும் நாட்டுக்கே நெட்டு போய்ப் போய் வந்துச்சு.

சர்வர் படுக்குறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. மேல சொன்னதெல்லாம் வாசலை அடைக்கிறது, அடைப்பு எடுத்தா முடிஞ்சுது. 2011ல ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்குல நடந்தது உள்ள பூந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி சோனியே ஸ்விட்சை அமத்திட்டாங்க, 23 நாள் கெடந்துச்சு, ஏறக்குறைய 7.7 கோடி அக்கவுன்ட் விவரம் சிக்குச்சு. அதுல ஜனங்களுக்குக் கோவம் வந்தது 23 நாளுக்காக மட்டும் இல்ல, உங்க பேரு, முகவரி, பாஸ்வேர்டெல்லாம் போயிருக்கலாம்னு அவங்க வாயைத் தொறந்தது 26ஆம் தேதிதான், அதுவரைக்கும் சர்வர் கோளாறுன்னு நெனச்சு உக்காந்திருந்தோம். மே 1ஆம் தேதி சோனி கேம் பிரிவுத் தலைவரா இருந்த கசுவோ ஹிராய் டோக்கியோல தலை குனிஞ்சு மன்னிப்பு கேட்டார், அப்புறம் ரெண்டு கேம் ஃப்ரீ, 30 நாள் ப்ளேஸ்டேஷன் ப்ளஸ் மெம்பர்ஷிப் ஃப்ரீ. பிரிட்டன்ல 2013ல 2,50,000 பவுண்ட் அபராதமும் விழுந்துச்சு. அதனாலதான் சர்வர் டவுன்னு வந்தா என் முதல் கேள்வி "எப்ப வரும்" இல்ல, "எது போச்சு"தான். அடைப்பா, திருட்டா? இதை முதல் ஒரு மணி நேரத்துல ஒரு வரியில சொல்லலாம். என் நெட்வொர்க் சொன்னது 31 மணி நேரம் முடிஞ்சு, அதுக்கும் ரெண்டு நாள் கழிச்சு வந்த மெயில்ல, மூணாவது பாராவுல, "தீய நோக்கம் கொண்ட ட்ராஃபிக்", "உங்கள் தகவல்கள் பாதுகாப்பாக உள்ளன". அதுவரைக்கும் நான் கார்டை ப்ளாக் பண்ணலாமா வேணாமான்னு உக்காந்திருந்தேன்.

வெறும் அடைப்புதானே, தகவல் போகாதுன்னும் அசால்ட்டா இருக்க முடியாது, 2015 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஸ்டீம்ங்குற ஆன்லைன் பிசி கேம் கடை மேல அட்டாக் வந்தப்போ, அதைச் சமாளிக்கப் போட்ட, பக்கத்தை நகலெடுத்து வச்சுக் காட்டுற கேஷ் (cache) செட்டிங் தப்பாகி, ஒருத்தருக்கு அடுத்தவரோட அக்கவுன்ட் பக்கம் தெரிய ஆரம்பிச்சுது. சுமார் 34,000 பேரோட விவரம் அப்படி வெளிய தெரிஞ்சிருக்கலாம்னு அதை நடத்துற வால்வ் கம்பெனியே சொன்னாங்க. அடிச்சவன் எதையும் எடுக்கல, தடுத்த கை தான் தட்டி விட்டுச்சு.

நஷ்டஈடு விஷயத்துக்கு வரேன். 3 நாள் நீட்டிப்பு. படுத்தது ஒண்ணேகால் நாள், தந்தது மூணு நாள்னு கணக்குப் பாத்தா லாபம்தான், நியாயமாப் பேசணும் இல்ல. ஆனா போனது எனக்கு சனிக்கிழமை ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும், வந்தது சந்தா வருஷக் கடைசியில எந்தக் கெழமைன்னே தெரியாத மூணு நாள். சீசன் முடிய ரெண்டு நாள் இருந்துச்சு, அந்த சீசன் ரிவார்டு எங்க ஸ்குவாட்ல ரெண்டு பேருக்கு வரல, சீசனை ஒரு நாள் தள்ளி வச்சிருந்தா எவனுக்கும் நஷ்டம் இல்ல. ஒரு சின்ன கேம் கம்பெனி, அவங்க கேமும் அதே நெட்வொர்க்குலதான் ஓடுது, அவங்க மட்டும் தானா டபுள் எக்ஸ்பி வீக்கெண்ட், அதாவது ஆடுனா ரெண்டு மடங்கு பாயின்ட், விட்டாங்க. காசு வாங்குறவன் சும்மா இருந்தான், அவன் கூரைக்குக் கீழ நின்னவன் குடை புடிச்சான்.

வாங்கலாமா வேணாமான்னு கேட்டா, நண்பர்களோட ஆடுறவனுக்கு வேற வழி இல்ல, வாங்கித்தான் ஆகணும். வாங்குனா செட்டிங்ஸ்ல போய் உங்க கன்சோலை மெயின் கன்சோலா குறிச்சு வைங்க, இன்னைக்கே, அப்புறம் கேபிளைப் புடுங்கிட்டு தனி ஆட்டம் எது எது தொறக்குதுன்னு ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடுங்க. நான் பாத்தேன், 22 கேம்ல 13தான் தொறந்துச்சு, மீதியில ரெண்டு தனியா ஆடுற கேம், ஆனாலும் சர்வர் கேக்குது, அதெல்லாம் ஆஃபர்ல வந்தாக்கூட இனிமே வாங்குறதா இல்ல. கார்டை அக்கவுன்ட்ல இருந்து தூக்கிட்டேன், கிஃப்ட் கார்ட் போட்டு ஆடுறேன். பாஸ்வேர்ட் வேற எங்கயும் போடாத ஒண்ணு, ஓடிபி ஆன். அப்புறம் வீட்டு வாசல் கேமரா பாஸ்வேர்டை மாத்துனேன், டப்பாவுல வந்த "அட்மின்" தான் ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, எவன் கண்டான், என் கேமராவே என் சர்வரை அடிச்சிருக்கும்.

எங்க க்ரூப்ல ஒரு தம்பி, தோத்த கடுப்புல "எதிர்ல ஆடுனவன் ஐபி முகவரியை எடுத்து, காசுக்கு அட்டாக் பண்ற ஒரு பூட்டர் சைட்ல போட்டு அவனை ஆஃப்லைன் ஆக்கட்டுமாண்ணா"ன்னு கேட்டான், ஏதோ ஸ்டிக்கர் அனுப்புற மாதிரி. டேய், அது குற்றம்டா, அந்த மாதிரி வாடகை அட்டாக் சைட் 15ஐ 2018 டிசம்பர்ல எஃப்பிஐ ஒரே வீச்சுல முடக்கிச்சு, அந்த சைட் வச்சிருக்குற கஸ்டமர் லிஸ்ட்ல உன் பேரும் இருக்கும்னு சொன்னேன். பேசாம போயிட்டான், ஆனா அவன் கேட்ட தோரணையைப் பாத்தா அடுத்த சனிக்கிழமையும் எங்கயோ ஒரு சர்வர் படுக்கும்னுதான் தோணுது.

வருஷ சந்தாவை ரத்து பண்ணிட்டேன், அடுத்த மாசம் 9ஆம் தேதி முடியுது, இல்ல, அந்த மூணு நாளோட 12ஆம் தேதி. அப்புறம் மாசா மாசம் கட்டுறதா இருக்கேன், கொஞ்சம் கூடத்தான் ஆகும், பரவால்ல, அடுத்த தடவை அந்த பேஜ் பச்சையா நின்னா அந்த மாசமே நிறுத்திக்கலாம். அக்கா பையன் இப்ப வந்தா கன்சோலை ஆன் பண்றதுக்கு முன்னாடி "மாமா பூட்டு இருக்கா"ன்னு கேக்குறான்.